ஒரு மலையூர், இரண்டு தங்கம்: சேன் போனே லெ ஃப்ருவாவும் பொக்யூஸ் டோர் சமையல் போட்டியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரி 27 அன்று பிரான்ஸின் லியோன் நகரில் பொக்யூஸ் டோர் என்னும் உலகச் சமையல் போட்டி முடிந்தது. தங்கம் வென்றவர் பால் மார்கோன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1995ல், இதே போட்டியில் தங்கம் வென்றவர் அவருடைய அப்பா ரெஜிஸ் மார்கோன். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் சேன் போனே லெ ஃப்ருவா. அங்கே வசிப்பவர்கள் சுமார் 250 பேர்தான்.

பல வருடம் ஓட்டல் சமையலறையில் நின்று வேலை பார்த்தவன் நான். இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நண்பர்களும் கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளும் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது?

பிரான்ஸின் நடுப்பகுதியில், ஓத் லுவார் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில். அடுத்த மாவட்டமான ஆர்தேஷின் எல்லை பக்கத்திலேயே வந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய நம் கொல்லிமலை உயரம். ஆனால் குளிர் நம் மலைக்குளிர் மாதிரி இருக்காது. ஊர்ப்பெயரின் கடைசிச் சொல்லான 'ஃப்ருவா' என்பதற்கே குளிர் என்றுதான் பொருள். பனிக்காற்று அடிக்கும் ஊர். ரயில் கிடையாது. சுற்றிலும் ஊசியிலைக் காடு, மேய்ச்சல் நிலம், சின்னச் சின்னப் பண்ணைகள். இப்படி ஓர் இடத்தில் மூன்று மிஷெலின் நட்சத்திரம் (மிஷெலின் என்ற உணவக வழிகாட்டி நூல் தரும் உச்ச மதிப்பு) வாங்கிய மார்கோன் குடும்பத்தின் உணவகம் இருக்கிறது என்றால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். நானும் வரைபடத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பொக்யூஸ் டோர் என்றால் என்ன?

பால் பொக்யூஸ் என்ற பெரிய பிரெஞ்சு சமையல்காரர் 1987ல் ஆரம்பித்த போட்டி. அவர் பெயரும் 'தங்கம்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்து இந்தப் பெயர் வந்தது. லியோன் நகரில் நடக்கும் சிர்ஹா என்ற உணவுத்தொழில் கண்காட்சியின் ஒரு பகுதியாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. இறுதிச் சுற்றில் 24 நாடுகள், இரண்டு நாளில் பாதிப் பாதியாகச் சமைப்பார்கள்.

பொக்யூஸ் பிறந்தது லியோனுக்குப் பக்கத்தில் கொலோன்ஜ் ஓ மோன் டோர் என்ற ஊரில். உலகப் புகழ் வந்த பிறகும் அவர் கடை அங்கேயேதான் இருந்தது. 1965லிருந்து அவர் வாழ்நாள் முழுவதும் மூன்று நட்சத்திரம் அந்தக் கடையைவிட்டுப் போகவில்லை. 2018 ஜனவரியில் இறந்ததும் அதே ஊரில்தான். சொந்த ஊரைவிட்டு நகராத ஒரு மனிதரின் பெயரில் இந்தப் போட்டி நடப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தக் காலத்தில் சமையல் போட்டி என்றால் சமையல் ஒரு மூடிய அறையில் நடக்கும், வெளியே தட்டு மட்டும் வரும். பொக்யூஸ் அந்தச் சுவரை எடுத்துவிட்டார். சமையலறைகளை வரிசையாகக் கட்டி, முன்பக்கத்தைத் திறந்துவிட்டு, எதிரே விளையாட்டு மைதானம் மாதிரி இருக்கை போட்டு ஜனங்களை உட்கார வைத்தார். கை நடுங்குவது, குழம்பு பிரிவது, கடைசி நிமிட ஓட்டம் எல்லாம் கண் முன்னால் நடக்கும்.

ஒரு ஆள் தனியாகவா சமைக்கிறார்?

போட்டியாளர் ஒருவர். அவருடன் ஒரு கமி, அதாவது இளம் உதவியாளர். நம் ஓட்டல் சமையலறைகளிலும் அதே சொல்தான் ஓடுகிறது. இந்தப் போட்டியில் கமிக்கு வயது 22க்குள் இருக்க வேண்டும். சமையலறைக்கு வெளியே நின்றுகொண்டு நேரம் சொல்லவும் எச்சரிக்கவும் ஒரு பயிற்சியாளர் இருப்பார். அவர் பேசலாம், கை வைக்கக் கூடாது.

நேரம் சுமார் ஐந்தரை மணி. கேட்பதற்கு நிறைய நேரம் மாதிரி தெரியும். அதற்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். ஒன்று, தனித்தனித் தட்டில் பரிமாறும் உணவு. இன்னொன்று, பெரிய தாம்பாளத்தில் அலங்கரித்து ஜூரி முன்னால் ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காட்டி, பிறகு பங்கிட்டுத் தரும் இறைச்சி உணவு. என்ன பொருளில் சமைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். 2025ல் தட்டு உணவுக்கான பொருள்களில் கல்லிறாலும் செலரியும் இருந்தன. தாம்பாளத்துக்கு மான் இறைச்சி, வாத்தின் கொழுத்த ஈரல், தேயிலை. தேயிலையையும் மான் கறியையும் எப்படிச் சேர்ப்பது என்று அன்று ராத்திரி நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொருள் முன்பே தெரியும் என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும்தான் தெரியும். அதனால் எல்லோரும் மாதக்கணக்கில் ஒரே சமையலைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு வருகிறார்கள். முழு நேரம் கடிகாரம் வைத்து, முழு உடையில், அதே அளவுச் சமையலறையில் ஒத்திகை நடக்கும். எந்தக் கரண்டி எந்தக் கொக்கியில் தொங்கும் என்பதுவரை முடிவாகியிருக்கும். கல்யாணச் சமையலில் நல்ல மாஸ்டர் ஒருவர், விடியற்காலை எந்த அடுப்பில் எந்த அண்டா ஏறும் என்பதை முந்தின நாள் மாலையே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாரே, அதன் உச்சம் இது.

அப்பா ரெஜிஸ் எப்படி அந்த உயரத்துக்கு வந்தார்?

பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரெஜிஸ் பிறந்தது 1956ல், அதே சேன் போனேவில். பெரிய குடும்பம். ஏழு பிள்ளைகளில் கடைசி. அம்மா ஊரில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். காப்பி, மது, வருகிறவர்களுக்குச் சாப்பாடு, தங்க ஒன்றிரண்டு அறை என்று மலையூர்களில் இருக்கும் சத்திரம் மாதிரியான இடம். 1979ல் அந்தக் கடையை ரெஜிஸ் ஏற்று நடத்த ஆரம்பித்தார்.

அந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள். கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம். இளைஞர்கள் வேலை தேடி சேன் எத்தியேனுக்கும் லியோனுக்கும் இறங்கிப் போகிறார்கள். கையில் தொழில் உள்ள ஒரு சமையல்காரன் பாரிஸுக்குப் போகாமல், குளிர்காலத்தில் சாலையே மூடிப்போகும் ஊரில் அம்மாவின் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்கிறான். சொந்தக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நட்சத்திரம் 1990ல் வந்தது. 1995ல் பொக்யூஸ் டோர் தங்கம். 1997ல் இரண்டாவது நட்சத்திரம், 2005ல் மூன்றாவது. அதற்குள் மூத்த தலைமுறையோடு மகன் ஜாக்கும் சமையலறைக்குள் வந்துவிட்டார். இன்று உணவகத்தின் பலகையில் ரெஜிஸ், ஜாக் இரண்டு பெயரும் இருக்கின்றன. ஊருக்கு மேலே குன்றின்மீது புதிய கட்டடம். கீழே ஊருக்குள் சாதாரணச் சாப்பாட்டுக்கு லா கூல்மெல் என்ற கடை. கூல்மெல் என்பது குடை மாதிரி விரியும் ஒரு பெரிய காளானின் பெயர்.

அவர் ஜெயித்ததைவிட, ஜெயித்த பிறகும் இறங்கிப் போகாததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தங்கம் வாங்கியவருக்கு எந்த நகரமும் கதவு திறக்கும். அவர் ஊரிலேயே இருந்ததால் ஊரில் வேலை வந்தது. பரிமாற ஆள், தங்கும் அறைகள், காய் விளைவிக்கிறவர், பாலாடைக்கட்டி கொண்டுவருகிறவர் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று. 250 பேர் உள்ள ஊரில் ஒரு சமையலறை என்பது அந்த ஊரின் தொழிற்சாலை மாதிரி.

எல்லோரும் அவரைக் 'காளான் சமையல்காரர்' என்கிறார்களே, ஏன்?

காடு கொடுத்த பெயர் அது. இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கத்துக் காடுகளில் பல வகைக் காளான் முளைக்கும். தண்டு பருத்து, குடையின் அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் செப். மஞ்சள் புனல் மாதிரி விரிந்து, முகர்ந்தால் ஆப்ரிகாட் வாசனை அடிக்கும் ஜிரோல். வசந்தத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும் மோரி. ரெஜிஸ் இதையெல்லாம் ஓரத்தில் வைக்கும் தொடுகறியாகப் பார்க்கவில்லை. சாப்பாட்டின் நடுவில் வைத்தார், இனிப்புவரை கொண்டுபோனார்.

நவம்பர் தொடக்கத்தில் ஊரில் காளான் சந்தை நடக்கும். 250 பேர் இருக்கும் ஊருக்கு அன்று வெளியூர் ஜனம் திரண்டு வரும். நம் ஊரில் இடி மழைக்கு மறுநாள் விடியற்காலையில் புற்றுக்காளான் தேடிப் போவார்களே, இடம் யாருக்கும் சொல்லாமல் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்களே, அங்கேயும் அப்படித்தான். காளான் கிடைக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லமாட்டார்கள். எடுத்துவந்தது விஷக்காளானா என்று சந்தேகம் வந்தால் மருந்துக்கடையில் கொண்டுபோய்க் காட்டும் பழக்கம் பிரான்ஸில் உண்டு. மருந்தாளர்கள் அதற்கும் படித்திருப்பார்கள்.

காளான் மட்டும் இல்லை. அந்த மாவட்டத்தின் தலைநகரான லெ புய் பகுதியில் விளையும் பச்சைப் பருப்பு உலகம் அறிந்தது. எரிமலை மண்ணில் விளையும் சின்னப் பருப்பு, வெந்தாலும் குழையாது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் ஆர்தேஷின் கஷ்கொட்டை. ஏழை மண்ணின் பொருள்கள் என்று ஒருகாலத்தில் நினைக்கப்பட்டவை இவை.

அப்பா பெயரால்தான் மகனுக்குத் தங்கம் கிடைத்தது என்கிறார்களே?

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. மார்கோன் என்ற பெயர் ஆரம்பத்தில் கதவைத் திறந்திருக்கும். சிறு வயதிலிருந்தே நல்ல சமையலறைக்குள் ஓடியாடி வளர்வது ஒரு சொத்து. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் லியோனில் ருசி பார்ப்பவர்கள் பல நாட்டுக்காரர்கள். போட்டியிடும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு ஜூரி உண்டு. பாதிப்பேர் ஒரு உணவையும் மீதிப்பேர் இன்னொன்றையும் ருசித்து மதிப்பெண் போடுவார்கள். டென்மார்க்காரருக்கோ ஜப்பான்காரருக்கோ ஓத் லுவார் மாவட்டத்து அப்பாவைப் பற்றி என்ன கவலை? பிரான்ஸ் என்பதாலேயே பதக்கம் கிடைப்பதும் இல்லை. 2015, 2017, 2019 என்று தொடர்ந்து மூன்று முறை, சொந்த மண்ணில், சொந்த ஜனத்துக்கு முன்னால், பிரெஞ்சு அணிக்கு முதல் மூன்று இடத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2021ல் பிரான்ஸுக்காக டாவி டிஸ்ஸோ தங்கம் வாங்கினார். 2023ல் மறுபடியும் எதுவும் இல்லை.

அந்தச் சுமையோடு, அப்பாவின் தங்கம் என்ற இன்னொரு சுமையையும் தூக்கிக்கொண்டு நின்றவர் பால். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. தோற்றிருந்தால் 'அப்பா மாதிரி வரவில்லை' என்ற ஒரு வரியை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சமையலறையில் அப்பா, மகன் சேர்ந்து வேலை பார்த்த குடும்பங்களுக்கு அந்த வரியின் எடை தெரியும்.

2025ல் வெள்ளி டென்மார்க்குக்கு, வெண்கலம் சுவீடனுக்கு. போட்டி எவ்வளவு கடினம் என்பதை அந்த இரண்டு பெயர்களே சொல்லும்.

இதுவரை எந்த நாடு எத்தனை முறை வென்றிருக்கிறது?

1987லிருந்து 2025வரை 20 போட்டிகள். பிரான்ஸ் 9, நார்வே 5, டென்மார்க் 3. சுவீடன், லக்ஸம்பர்க், அமெரிக்கா தலா ஒன்று. ஆசியாவின் முதல் பதக்கம் 1989ல் சிங்கப்பூரின் வில்லியம் வாய் வாங்கிய வெண்கலம். 2013ல் ஜப்பானுக்கும் ஒரு வெண்கலம்.

நார்வேக்காரர்கள் எப்படி இவ்வளவு ஜெயிக்கிறார்கள்?

ஜனத்தொகை சுமார் 55 லட்சம். சென்னை நகரத்தைவிடக் குறைவு. 1993ல் பென்ட் ஸ்டியான்சன், 1999ல் டெர்யே நெஸ், 2003ல் சார்லஸ் ட்யெஸ்ஸம், 2009ல் கெய்ர் ஷையே, 2015ல் ஓர்யான் யோஹான்னஸன் என்று ஐந்து தங்கம். அங்கே இதை ஒரு விளையாட்டு அணி மாதிரி நடத்துகிறார்கள். முன்னால் ஜெயித்தவர் அடுத்தவருக்குப் பயிற்சி கொடுப்பார். மீன் ஏற்றுமதித் தொழிலும் கைகொடுக்கும். 2009ல் போட்டிக்குக் கொடுத்த கடல் உணவே நார்வே காட் மீன். அந்த வருடம் வென்ற ஷையே, நார்வேயின் மேற்குக் கரையில் ஸ்தூர்ட் தீவிலுள்ள ஃபிட்யார் என்ற சின்ன ஊர்க்காரர்.

2015ல் வென்ற யோஹான்னஸனின் ஊரும் தீவுதான். பெர்கன் நகருக்குத் தெற்கே ஔஸ்தவோல் தீவுக்கூட்டத்தில் பெக்யார்விக். அந்தத் தீவுகள் எல்லாம் சேர்ந்தே 5,000 பேர் சுமாருக்குத்தான் இருப்பார்கள். மீன்பிடிதான் வாழ்க்கை. அவரும் அவருடைய இரட்டைச் சகோதரரும் அங்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய விடுதியை நடத்துகிறார்கள். படகு கட்டும் இடத்துக்கும் அடுப்புக்கும் நடக்கிற தூரம்தான். மீன் எந்தப் படகில் வந்தது என்று பெயர் சொல்லிச் சமைக்கிற இடத்திலிருந்து வருகிறவரை நகரத்துக்காரர் எளிதில் ஜெயிக்க முடியாது.

அப்படியானால் சின்ன ஊர்க்காரர்கள்தான் ஜெயிப்பார்களா?

எப்போதும் இல்லை. ஆனால் பட்டியலைப் பார்த்தால் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

1989ல் லக்ஸம்பர்க்கின் லேயா லின்ஸ்டர் தங்கம் வாங்கினார். இன்றுவரை தங்கம் வாங்கிய ஒரே பெண் அவர்தான். அவர் கடை இருந்தது ஃப்ரிஸான்ஜ் என்ற எல்லையோர ஊரில். அங்கே அவருடைய அப்பா காப்பிக் கடை நடத்தினார். பெட்ரோல் பங்கும் பந்து உருட்டி விளையாடும் இடமும் அதோடு சேர்ந்திருந்தன. சட்டம் படித்துக்கொண்டிருந்த லேயா, அப்பா இறந்த பிறகு கடைக்கு வந்து, அதையே உணவகமாக மாற்றினார். 1987ல் நட்சத்திரம், இரண்டு வருடத்தில் தங்கம். உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவி மேலே போர்த்திச் சுட்ட ஆட்டு முதுகுக்கறி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட உணவு. பிறகு கடையை நடத்தியது அவருடைய மகன்.

2013ல் வெண்கலம் வாங்கிய ஜப்பானின் நொரியுகி ஹமாதா, கருய்ஸாவா என்ற மலை ஊரில் சமைத்துக்கொண்டிருந்தவர். 2017ல் அமெரிக்காவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த மாத்யூ பீட்டர்ஸ் பென்சில்வேனியாவில் மெட்வில் என்ற சிறு நகரத்துக்காரர். அவர் வேலை பார்த்தது நியூயார்க்கில்.

சின்ன ஊருக்கு என்ன பலம் என்று என்னைக் கேட்டால் மூன்று நான்கு விஷயம் தோன்றும். பொருள் கிட்டத்தில் கிடைக்கிறது. குடும்பத்தின் கடை என்பதால் முதலாளி மாறுவதில்லை, ஒரே அடுப்பில் இருபது வருடம் நிற்க முடிகிறது. அப்புறம், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எப்போதும் சுற்றி இருக்கிறார்கள். அது சுகமும்தான், பயமும்தான். தோற்றுவிட்டுத் திரும்பினால் நாளைக் காலையில் ரொட்டிக் கடையில் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

போட்டி நடக்கும்போது ஏன் அவ்வளவு கூச்சல்? சமையலுக்கு அமைதி வேண்டாமா?

முதல் முறை நேரலையில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். மாட்டு மணி, ஊதுகுழல், முரசு, கொடி, முகத்தில் நிறம். ஜல்லிக்கட்டு வாடிவாசல் மாதிரி இரைச்சல். 1997ல் மெக்சிகோ ரசிகர்கள் வாத்தியக் கோஷ்டியோடு வந்து இறங்கியதிலிருந்து இந்த வழக்கம் பெரிதானது என்று சொல்வார்கள். பயிற்சியாளர் ஒரு கை தூரத்தில் நின்று கத்தினாலும் உள்ளே கேட்காது. அதனால் சில அணிகள் ஒத்திகையிலேயே ஒலிபெருக்கியில் இரைச்சலைப் போட்டுப் பழகுகின்றன.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். சமையல்காரருக்கு வாழ்நாளில் எத்தனை முறை கை தட்டல் கேட்கிறது? நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பந்திக்குப் பின்னால் புகையில் நின்றவரை யாரும் தேடமாட்டார்கள். லியோனில் ஒரு இளைஞன் குழம்பை ஊற்றும்போது ஒரு ஊரே எழுந்து நின்று கத்துகிறது.

பரிசுத் தொகை எவ்வளவு?

தங்கத்துக்கு 20,000 யூரோ, வெள்ளிக்கு 15,000, வெண்கலத்துக்கு 10,000. கூடவே சமையல் உடையில் நிற்கும் பால் பொக்யூஸின் சிலை. பயிற்சிக்கு ஆகும் செலவோடு பார்த்தால் பணம் ஒரு பொருட்டே இல்லை.

பதக்கம் கிடைக்காமல் திரும்புகிறவர்களின் கதி?

24 பேரில் 21 பேர் வெறுங்கையோடுதான் போகிறார்கள். அவர்களில் பலர் திரும்பி வருவதும் உண்டு. தங்கம் கைநழுவியவர்களும் அப்படித்தான். டென்மார்க்கின் ராஸ்முஸ் கொஃபோட் 2005ல் வெண்கலம், 2007ல் வெள்ளி, 2011ல் தங்கம் வாங்கினார். மூன்று பதக்கமும் வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். வெள்ளி வாங்கியவர் மறுபடி ஒத்திகையில் போய் நிற்பதற்கு என்ன மனம் வேண்டும்! கோபன்ஹேகனில் அவர் நடத்தும் ஜெரேனியம் 2022ல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அமெரிக்கர்கள் பல வருடம் மேடைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. 2008ல் பொக்யூஸின் வேண்டுகோளை ஏற்று, அமெரிக்காவில் கடை நடத்தும் பெரிய சமையல்காரர்களான டானியேல் பூலூவும் தாமஸ் கெல்லரும் பொறுப்பெடுத்தார்கள். கெல்லர் தன் மறைந்த தந்தை வாழ்ந்த வீட்டையே பயிற்சிச் சமையலறையாக மாற்றிக் கொடுத்தார். 2015ல் ஃபிலிப் டெஸ்ஸியர் வாங்கிய வெள்ளிதான் அவர்களுக்கு முதல் பதக்கம். அடுத்த முறை பீட்டர்ஸுக்குப் பயிற்சி கொடுத்ததும் டெஸ்ஸியர்தான். நடுவில் தோற்ற வருடங்கள் இல்லாமல் அந்தத் தங்கம் வந்திருக்காது.

இது பணக்கார நாடுகளின் விளையாட்டுதானே? யாரும் வீட்டில் சாப்பிடாத சாப்பாடுதானே?

பாதி உண்மை. மாதக்கணக்கில் சம்பளத்தோடு பயிற்சி, சிறப்பாகச் செய்வித்த தாம்பாளம், அச்சுகள், விமானத்தில் போகும் பாத்திரங்கள் எல்லாம் காசு. அதைக் கொடுக்க அரசோ நிறுவனமோ இல்லாத நாடுகள் பின்தங்கிவிடுகின்றன. பதக்கப் பட்டியலில் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா இல்லாததற்கு ருசி காரணம் இல்லை. பிரெஞ்சு முறையில் தேர்ந்தவர்களுக்கே ஆட்டம் சாதகம் என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 'யாரும் சாப்பிடாத சாப்பாடு' என்பதை ஏற்கமாட்டேன். சேன் போனேவில் ஊருக்குள் இருக்கும் கடையில் அதே காட்டுக் காளானும் அதே பச்சைப் பருப்பும் சாதாரணத் தட்டில் வருகின்றன. போட்டியில் கற்ற துல்லியம் அங்கே வெந்த பதத்தில் தெரியும்.

தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர் இதில் கலந்துகொள்ள முடியுமா?

வழி இருக்கிறது. முதலில் அந்தந்த நாட்டுத் தேர்வு, பிறகு கண்டத்துக்கான சுற்று. நமக்கு ஆசிய பசிஃபிக் சுற்று. அதில் தேறினால் லியோன். போட்டியாளருக்குக் குறைந்தது 23 வயது ஆகியிருக்க வேண்டும். கமியாகப் போக 22க்குள் இருக்க வேண்டும் என்று முன்பே சொன்னேன்.

கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. நேரலைப் பதிவுகளைப் பார்க்கும்போது போட்டியாளரை விட்டுவிட்டு கமியை மட்டும் கவனியுங்கள். எப்போது மேசையைத் துடைக்கிறார், கத்தியை எந்தப் பக்கம் வைக்கிறார், கேட்காமலேயே அடுத்த பாத்திரத்தை எப்படி நீட்டுகிறார் என்று பாருங்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்வது ரொம்பக் குறைவு. மாதக்கணக்கான ஒத்திகை அந்த மௌனத்தில் தெரியும்.

சேன் போனேவுக்கு நேரில் போக வேண்டுமானால்?

லியோனிலிருந்து சேன் எத்தியேன் வரை ரயில் உண்டு. அங்கிருந்து மலைமேல் கார்தான். இலையுதிர் காலம் நல்லது, காளான் நேரம். குளிர்காலத்தில் பெரிய உணவகம் மூடியிருக்கும் காலம் உண்டு, கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மூன்று நட்சத்திரக் கடையில் சாப்பிட மாதங்களுக்கு முன்பே இடம் பதிய வேண்டும், செலவும் பெரிது. அது முடியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். ஊருக்குள் இருக்கும் கடையில் மதியச் சாப்பாடு, அதற்குப் பிறகு காட்டுப் பாதையில் ஒரு நடை. நவம்பர் தொடக்கமாக இருந்தால் சந்தையில் கூடை கூடையாகக் குவித்து வைத்திருப்பார்கள். விற்கிறவரிடம் எந்தக் காட்டில் எடுத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.